வெட்டாமல் விட்ட மந்திரி

என் சித்தப்பாவுக்குச் செஸ் ஆடத் தெரியும் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கே போன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. பாரிவாக்கத்திலிருந்து பெண்ணின் அப்பா பேசினார். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, ஒரு நாள் வந்து பெண்ணைப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலில் தனிக் குஷியோடு, "மாப்ள செஸ்ஸு ஆடுவாராமே?" என்று கேட்டார். என் அப்பா திருதிருவென்று விழித்துவிட்டுப் போனைத் தன் தம்பியிடம் நீட்டினார்.

"ஆடுவேங்க" என்றார் சித்தப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பக்கம் கேட்ட சந்தோஷத்தில் இவருக்கும் வேகம் வந்துவிட்டது. "டிஸ்ட்ரிக்ட் லெவல்ல ஆடிகீறேங்க."

சமையலறையில் அம்மா கரண்டியைக் கீழே போட்டது எனக்குக் கேட்டது.

சித்தப்பா கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் பயோடேட்டா அடித்துக் கொடுத்தவர், தனக்கு என்று வந்தபோது சோம்பல்பட்டார். முகப்பேர் அடுக்ககத்துக்காரர் ஒருவர் தன் தம்பிக்காக அடித்து வாங்கிப்போன பயோடேட்டா கடைக் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதையே திறந்து பெயரை மாற்றினார், நட்சத்திரத்தை மாற்றினார், உயரத்தில் இரண்டு அங்குலம் தாராளமாகக் கூட்டிக்கொண்டார். அடியில் 'பொழுதுபோக்கு: செஸ் ஆடுதல்' என்று ஒரு வரி இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. அந்தப் பயோடேட்டா அதற்கு முன் எத்தனையோ வீடுகளுக்குப் போய் வந்திருந்தது. வரன் பார்ப்பவர்கள் யாரும் சம்பளத்துக்குக் கீழே படிப்பதில்லை. பாரிவாக்கத்துக்காரர் ஒருவர்தான் கடைசி வரி வரை படித்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் செஸ் தெரிந்த ஒரே ஜீவன் நான். எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை தோறும் செஸ் வகுப்பு உண்டு. கராத்தேயிலும் பரதத்திலும் இடமில்லாமல் போனதால் என்னை அதில் தள்ளிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். பாரிவாக்கத்தில் அப்போது பாதி வயலும் பாதி வீட்டு மனையுமாக இருந்தது. மனைகளுக்கு நட்ட கற்களுக்கு நடுவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பெண்ணின் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாக வாசலுக்கே வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பஜ்ஜி வருவதற்கு முன்பே செஸ் பலகை வந்துவிட்டது.

சித்தப்பா பலகையைப் பார்த்தார். பலகை சித்தப்பாவைப் பார்த்தது. "கை சுளுக்குங்க" என்றார்.

"செஸ்ஸுக்கா?" என்றார் அவர்.

"ஆமாங்க. நேத்து பேப்பர் பண்டலு தூக்கும்போது புடிச்சிகிச்சு. காயி நகத்தினா வலிக்கும்."

பெண்ணின் அப்பா ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி மாப்ள, கை ஆறட்டும். இன்னொரு ஞாயித்துக்கெழம ஆடலாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அதே கையால் சித்தப்பா நான்கு பஜ்ஜிகளை எடுத்துத் தின்றதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

விரித்த பலகையை வீணாக்க வேண்டாம் என்று என்னை உட்காரவைத்தார். மூன்றாவது நகர்த்தலிலேயே அவருடைய மந்திரி குறுக்காகப் பாய்ந்து வந்து என் குதிரையின் எதிரே நின்றது. குதிரை நகர்ந்தால் பின்னால் ராணி போய்விடும். நான் விழி பிதுங்கிக்கொண்டிருக்க, அவர் சிரித்தபடி விளக்கம் சொன்னார். "கம்பெனில லஞ்ச்சு அரை மணி நேரம்தாம்மா. சோறு துன்ன பத்து நிமிசம், ஆட்டத்துக்கு இருவது. சங்கு ஊதறதுக்குள்ள முடிக்கணும்னா மந்திரிய மொதல்லயே இஸ்துகினு வந்துடணும். முப்பது வருசம் அப்பிடியே ஆடி ஆடிப் பழகிப்போச்சு." சொல்லி முடிப்பதற்குள் ஆட்டத்தையும் முடித்துவிட்டார்.

பெண்ணும் சித்தப்பாவும் தனியே பேசட்டும் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்கள். தனியே என்றால் நான், பெண்ணின் அம்மா, இரண்டு கன்றுக்குட்டிகள் எல்லோரும் இருக்கும் தனிமை. அந்த அக்கா மருந்துக்கடை ஒன்றில் பில் போடும் வேலையில் இருந்தார். நிமிர்ந்து பார்த்து, "லேமினேஷன் பண்ண சர்ட்டிபிகேட்ட திரும்பப் பிரிக்க முடியுங்களா?" என்று கேட்டார். சித்தப்பா அதற்குப் பத்து நிமிடம் பதில் சொன்னார். சூடு, பசை, ஓரம், பொறுமை என்று என்னவெல்லாமோ சொன்னார். அந்த அக்கா சிரிக்காமல், கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு யாரும் சித்தப்பா பேசுவதை அவ்வளவு நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை.

கூடத்துக்குத் திரும்பியபோதுதான் பெண்ணின் பெரியப்பா வந்து சேர்ந்தார். குடும்பத்துக்கு மூத்தவர். நிலமெல்லாம் கூட்டுப் பட்டா, அதை மனை போட்டு விற்பது அவர் பொறுப்பு. அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. அவர் கைவசம் வேறு ஒரு மாப்பிள்ளை இருந்தார், இரண்டு ஜேசிபி வண்டிகளுக்குச் சொந்தக்காரர். தம்பிக்கு எங்கள் சித்தப்பாவைப் பிடித்துப்போனது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தத்திலேயே தெரிந்தது.

"எந்தம்பி, மாப்ள மூளக்காரரு மூளக்காரருன்னு தலமேல வெச்சிகினு ஆடறான். ஜெராக்ஸு கடையில இன்னாபா மூள?" என்றார். "சரி. இந்தப் பக்கத்துல எவனும் இவன செஸ்ஸுல ஜெயிச்சதில்ல. மாப்ள இவன ஜெயிச்சுக் காட்டட்டும். அதுக்கப்புறம் நான் வாயத் தொறந்தா கேளு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்தபோது கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா அண்ணனைப் பார்த்து, "ஆவட்டும்ணா. எல்லாரு எதிர்லயும் சொல்லிக்கீற" என்றார். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று நாள் குறித்தார்கள்.

அன்று வீடு திரும்பியதும் சித்தப்பா என்னைத் தனியே அழைத்துப் போய், தன் வாழ்நாளில் முதல் முறையாக என்னிடம் கெஞ்சினார். "பாப்பா, பதினஞ்சு நாள்ல கத்துக்குடு. எனக்கு அந்தப் பொண்ணுதான் வேணும்."

பெரியவர்கள் இப்படி ஒளிவு மறைவில்லாமல் எதையாவது வேண்டும் என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. சரி என்றேன்.

என்னவோ, சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று நினைத்துவிட்டேன். சித்தப்பாவுக்குக் குதிரை பிடிபடவே இல்லை. "இன்னாடி ஜென்மம் இது, நேராவும் போவாது, குறுக்காவும் போவாது?" என்று காயைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவார். யானையைக் கோணலாக ஓட்டுவார். அவருக்கு என் ராஜாவை வெட்டிவிட வேண்டும் என்று தீராத ஆசை. கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு அவர் விரல் மேல் தட்டித் தட்டிப் பாடம் நடத்தினேன். அப்பா அந்தப் பக்கமாக வருவார், பார்ப்பார், போய்விடுவார்.

முழு ஆட்டமும் ஏறாது என்று நான்காம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. ஆகவே ஒரே ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் மந்திரியைச் சீக்கிரம் வெளியே கொண்டு வருவார், அது நிச்சயம். அது வந்தால் என்ன செய்ய வேண்டும்? முதலில், அலறக் கூடாது. ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்ப வேண்டும். பிறகு ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, 'போகிறாயா, வெட்டுகிறாயா' என்று மந்திரியைக் கேட்க வேண்டும். பின்வாங்கினால் நல்லது. நம் குதிரையை வெட்டினால் ராணியால் திருப்பி வெட்டலாம். போகவும் இல்லை, வெட்டவும் இல்லை, பேசாமல் அங்கேயே நிற்கிறது என்றால் அது பொறி. அதை மட்டும் தொடவே கூடாது.

இந்தக் கடைசி விதி என் சொந்த அனுபவம். அதற்கு ஒரு மாதம் முன்பு பள்ளிக்கூடப் போட்டியில் அப்படி நின்ற ஒரு மந்திரியைக் கண்டு வாயெல்லாம் பல்லாக வெட்டினேன். வெட்டப் போன சிப்பாய் விட்டுப்போன வழியில் எதிராளியின் யானை உள்ளே வந்து என் ராஜாவை முடித்துவிட்டது. மொத்த வகுப்பும் சிரித்தது. வேனில் வீடு வரும் வரை அழுதேன். நன்றாக ஆடுகிறவர்கள் எதையும் சும்மா தர மாட்டார்கள் என்று செஸ் சார் சொன்னதை நோட்டில் எழுதிச் சிவப்பு மையில் கோடும் போட்டு வைத்திருந்தேன்.

ஆனாலும் எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்கிற புத்தி பதினைந்து நாளில் வந்துவிடுமா? அதற்குச் சித்தப்பாவே ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பெண் வீட்டில் தட்டில் எப்படியும் முறுக்கு இருக்கும். நான் ஒரு முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வெட்டலாம் என்றால் கடிக்க வேண்டும். வேண்டாம் என்றால் சும்மா வைத்திருக்க வேண்டும். குழந்தை முறுக்கு தின்பதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"முறுக்கு இல்லன்னா?" என்று கேட்டேன்.

"ஜாங்கிரி. எதுவா இருந்தா இன்னா, கடிக்கணும், அவ்ளோதான்."

குறித்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மறுபடியும் பாரிவாக்கம் போனோம். அப்பாவும் அம்மாவும் ஆட்டோவில், நான் சித்தப்பாவின் பைக்கில். வழியெல்லாம் அவர் ஹெல்மெட்டுக்குள் விதிகளை ஒப்பித்துக்கொண்டே வந்தார். கூடத்தின் நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் பலகை. பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் செஸ்ஸில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. யார் யாரை வெட்டுகிறார்கள் என்று மட்டும் பார்ப்பார். உள் அறை வாசலில் பெண்ணின் அம்மாவும் அந்த அக்காவும் நின்றார்கள். தட்டில் முறுக்கு இருந்தது. சித்தப்பா என்னைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

"மாப்ளைக்கு வெள்ளக் காயி குடுங்க. அவருதான் மொதல்ல ஆரம்பிக்கணும்" என்றார் பெண்ணின் அப்பா. மாப்பிள்ளைக்குத் தரும் மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் நான் சொல்லிக்கொடுத்தபடியே தொடங்கியது. சித்தப்பா ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார், பிறகு குதிரையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். மூன்றாவது நகர்த்தலில் எதிர் மந்திரி, கம்பெனிச் சங்குக்குப் பயந்த பழக்கத்தில், குறுக்கே பாய்ந்து வந்து நின்றது. சித்தப்பா அலறவில்லை. ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பினார். அடுத்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். போகிறாயா, வெட்டுகிறாயா?

மந்திரி போகவும் இல்லை, வெட்டவும் இல்லை. பெண்ணின் அப்பா பலகையின் மறு ஓரத்தில் எதற்கும் உதவாத ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சித்தப்பாவின் கண் என் முறுக்குக்கு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதே பொறி! என்னிடமா? முறுக்கை மடியில் இறக்கி வைத்துக்கொண்டேன். சித்தப்பா மந்திரியைத் தொடாமல் வேறு எதையோ நகர்த்தினார்.

பெண்ணின் அப்பா கொஞ்சம் யோசித்தார். மறுபடியும் ஒரு உதவாத சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். மந்திரி அங்கேயே நின்றது. "பாத்து ஆடுங்க மாப்ள. அவசரம் இல்ல. நல்லா பாருங்க" என்றார்.

முறுக்கு மடியிலேயே இருந்தது.

"ஏம்மா, முறுக்கு சாப்புடலையா?" என்று பெண்ணின் அம்மா வாசலிலிருந்து கேட்டார். "ஊட்ல சுட்டதும்மா. கடிச்சிப் பாரு."

"அப்புறம் சாப்புடறேன்" என்றேன்.

மூன்றாவது முறை அவர் மந்திரியை எடுத்து, நாங்கள் தள்ளி வைத்திருந்த ஓரச் சிப்பாயையே வெட்டி, எங்கள் கோட்டை வாசலில் கொண்டுவந்து வைத்தார். பக்கத்துச் சிப்பாயால் அதை அப்படியே வெட்டிப் போடலாம். செஸ் தெரியாத பெரியப்பாவுக்கே அது தெரிந்துவிட்டது. "இன்னாபா, அத திருப்பி வெட்டலாமில்ல?" என்றார்.

சித்தப்பா நெற்றியைத் துடைத்தபடி முறுக்கைப் பார்த்தார். முறுக்கையும் என்னையும் பெண்ணின் அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, மிகவும் மெதுவாக, "மொதல்ல அந்த முறுக்க கடிம்மா" என்றார்.

என்னைத் திசைதிருப்பப் பார்க்கிறார் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேனே தவிர முறுக்கைக் கடிக்கவில்லை.

அப்போது அந்த அக்காவே உள் அறை வாசலிலிருந்து வந்தார். தண்ணீர் கொண்டு வருவது போல வந்து, என் பக்கத்தில் குனிந்து, டம்ளரைக் கீழே வைத்தார். என் கன்னத்தோடு கன்னம் வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஒரே ஒரு கடி பாப்பா. எனக்காவ" என்றார். அவர் கை என் தோளில் இருந்தது. அது சில்லென்று இருந்தது இன்னமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"வேணாங்கா. வயிறு ஃபுல்லா கீது" என்றேன்.

சித்தப்பா மந்திரியை விட்டுவிட்டு ஒரு யானையைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினார். பெண்ணின் அப்பா மோவாயைத் தடவிக்கொண்டு நெடுநேரம் பலகையைப் பார்த்தார். அப்புறம் அவர் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு சுருக்கென்கிறது. தன் ராணியையே எடுத்துக் குறுக்காகக் கொண்டுவந்து, சித்தப்பாவின் குதிரை ஒரே தாவலில் வெட்டுகிற கட்டத்தில் வைத்தார். வைத்துவிட்டு, விரலை உடனே எடுக்காமல், "ராணி" என்று வேறு சொன்னார்.

ராணியைச் சும்மா கொடுப்பார்களா? இதைவிடப் பெரிய பொறி உலகத்தில் இருக்க முடியாது. முறுக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன். சித்தப்பா ராணியைத் தொடாமல் எங்கோ ஓரத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளினார். பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பாவின் மகன் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். எஞ்சினியரிங் படிக்கிறவன். சாவியைச் சுழற்றிக்கொண்டே பலகையை எட்டிப் பார்த்தவன் பெண்ணின் அப்பாவிடம் ஒரே கூச்சலாகக் கத்தினான். "சித்தப்பா, இன்னா பாத்துகினு குந்திகிற? ராணியால இந்தச் சிப்பாய வெட்டு. பின்னாடி மந்திரி காவலுக்குக் கீது. மேட்டு! ஆட்டம் ஓவரு!"

பெண்ணின் அப்பா பலகையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். "ஆமால்ல. நான் பாக்கவே இல்ல" என்றார். ராணியை ஒரு நேர்க்கோட்டில் நகர்த்தி வைக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை.

"டிஸ்ட்ரிக்ட்டு லெவலு!" என்று பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஒரு காயி வெட்டலையேபா. ஒண்ணுகூட!"

அந்த அக்கா உள்ளே போய்விட்டார். பெரியவர்கள் எதையெதையோ பேசினார்கள். காபி வந்தது, யாரும் முழுதாகக் குடிக்கவில்லை. அம்மா பெண்ணுக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த பூக்கூடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

நான் பெண்ணின் அப்பாவுக்குக் காய்களைப் பெட்டியில் அடுக்க உதவினேன். அவர் அந்தக் கறுப்பு மந்திரியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, இத ஏன் வெட்ட உடல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டது போலத்தான் இருந்தது.

முறுக்கு விஷயம் அம்பலமாகிவிட்டது என்று முதலில் பயந்தேன். பிறகு பெருமை பயத்தை ஜெயித்துவிட்டது. "அது பொறி தாத்தா. எனக்குத் தெரியும்."

அவர் மந்திரியைப் பெட்டிக்குள் வைத்தார். என் தலையில் கை வைத்தார். "கெட்டிக்காரி. உன்ன யாராலயும் ஏமாத்த முடியாது" என்றார்.

அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மாதம் கழித்து, ஜேசிபி வண்டிக்காரரோடு கல்யாணம் என்று யாரோ கடையில் பத்திரிகை ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொல்லிவிட்டுப் போனார்களாம். இரண்டு வருடம் கழித்துத் திருவள்ளூரிலிருந்து எங்களுக்குச் சித்தி வந்தார். மிக நல்ல சித்தி. என் மேல் உயிரையே வைத்திருக்கிறார், சித்தப்பாவை அதட்டி வைத்திருக்கிறார், இரண்டு பிள்ளைகளும் நன்றாகப் படிக்கிறார்கள். வாழ்க்கையில் குறை என்று ஒன்றும் இல்லை. சித்தப்பா மட்டும் அதற்குப் பிறகு பலகை பக்கமே வருவதில்லை. என் வீட்டில் என் மகள் விரித்து வைத்தாலும் தாண்டிப் போய்விடுவார்.

ஜெயிக்கத்தான் எல்லோரும் ஆடுகிறார்கள் என்று நான் அன்று நம்பினேன். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர், தன் பெண்ணுக்காக, முப்பது வருடமாகத் தோற்காத ஆட்டத்தில் எப்படியாவது தோற்றுவிட முயன்றுகொண்டிருக்கலாம் என்பது என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அன்று மாலை பைக்கில் திரும்பும்போது சித்தப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் தோற்றதற்காக வருத்தப்படுகிறார், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் முதுகில் வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னேன். "அந்தத் தாத்தா என்னைக் கெட்டிக்காரின்னாரு சித்தப்பா. மந்திரிய மூணு வாட்டி நம்ம எதிர்ல வெச்சாரு. ராணியக்கூட வெச்சாரு. ஒரு வாட்டிகூட நான் ஏமாறல."

பைக் மெதுவாயிற்று. மனைக் கற்கள் நட்டிருந்த இடத்தில் சாலை ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"மூணு வாட்டியா?"

"ஆமா."

"வெட்டியிருந்தா இன்னா ஆயிருக்கும் பாப்பா?"

நான் கண்ணை மூடிப் பலகையைக் கொண்டுவந்து பார்த்தேன். மந்திரியை வெட்டினேன். யானை வருமா என்று பார்த்தேன், வர வழியில்லை. ராணியை வெட்டினேன். பின்னால் யாரும் காவல் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

"ஒண்ணும் ஆயிருக்காது சித்தப்பா" என்றேன். "நாமதான் ஜெயிச்சிருப்போம். அவரு தெரியாம தப்புத் தப்பா ஆடிட்டாரு."

சித்தப்பா கைப்பிடியின் மேல் அப்படியே கவிழ்ந்துகொண்டார். அவர் முதுகு குலுங்கியது. சட்டையைப் பிடித்திருந்த என் கையும் சேர்ந்து குலுங்கியது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இப்படிக் கோட்டை விட்டதை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து, நானும் அவர் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்தேன்.